தேய வேண்டிய பேர்

மாசாணம் என்கிற பேரைப் பாவாத்தாள் முதன்முதலில் கேட்டது அவளுடைய கண்ணாலப் பேச்சு நடந்த அன்றைக்கு. அன்னூருக்குக் கிழக்கே அவளுடைய அப்பன் வீடு. பீளமேட்டில் மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆறுச்சாமிக்குப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். அவள் அடுப்படியில் நின்றிருந்தபோது, அப்பனுக்கு ஒன்றுவிட்ட தங்கை, கணேசபுரத்தில் வாக்கப்பட்ட அத்தை, உள்ளே வந்து காதோடு சொன்னாள்.

"பையன் தங்கமானவன் கண்ணு. ஆனா மூத்தவன் ஒருத்தன் இருக்கறான், மாசாணம்னு பேரு. வயித்துப் புள்ளையோட பொண்டாட்டியப் பறிகுடுத்தவன். இன்னொண்ணு கட்ட மாட்டேங்கறான். அவனுக்கும் சேத்து நீதான் சோறாக்கோணும். இப்பவே ரோசனை பண்ணிக்கோ."

ரோசனை பண்ண அவளுக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. அடுத்த வைகாசியில் கண்ணாலம் முடிந்து பீளமேட்டு லைன் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரே அறை, முன்னால் கூரை இறக்கின ஒரு சாய்ப்பு. சாய்ப்பில் மாசாணம் படுத்துக்கொள்வார். ஆனைமலை மாசாணியம்மனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை, அதனால் அந்தப் பேர். ஆள் நல்ல உயரம், பேச்சு குறைவு. சோற்றில் உப்பு இல்லையென்றாலும் சொல்ல மாட்டார். வந்த புதிதில் பாவாத்தாளுக்கு அவரைப் பார்த்தால் பயமாகக்கூட இருந்தது. அந்தப் பயம் எப்படிப் போனது என்று கேட்டால் கல்லைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவருடைய பொண்டாட்டி மருதாத்தாள். சரவணம்பட்டி தாண்டி அன்னூர் போகிற ரோட்டோரம் ஒரு பண்ணாடியின் தோட்டத்தில் இரண்டு பேரும் கூலிக்கு இருந்தார்கள். அவளுக்கு ஏழாம் மாசம். சோளத்தட்டுக் கட்டு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டு வழியாக மாட்டுக் கட்டுத்தரைக்கு நடந்தாள். பாதித் தடத்தில் வயிற்றுவலி கண்டுவிட்டது. தலைச்சுமை தூக்கியவர்களுக்குத் தெரியும், ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும், இறக்கிவிடவும் ஓர் ஆள் வேண்டும். கீழே போட்டால் கட்டு பிரிந்துவிடும், பண்ணாடி வைவார். உச்சிப்பொழுது, ரோட்டில் ஒரு குஞ்சு குளுவான் இல்லை. இறக்கிவிட ஆள் வரும் வரும் என்று நடந்தவள் கட்டோடு குந்திவிட்டாள். மாசாணம் வந்து பார்த்தபோது தட்டுக் கட்டு பிரியாமல்தான் கிடந்தது.

வயிற்றுப் பிள்ளையோடு போனவளுக்குச் சுமைதாங்கி நடுவது அந்தப் பக்கத்து வழக்கம். இரண்டு கல்லைத் தூணாக நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைப் படுக்க வைப்பது. தோள் உயரம் இருக்கும். சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் தலைச்சுமையை அதன்மேல் நகர்த்தி வைத்து இளைப்பாறலாம், மறுபடி தாங்களே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஊரார் சுமை அதில் இறங்க இறங்க, செத்தவளின் வயிற்றுச் சுமையும் இறங்கும் என்பார்கள். மாசாணம் ஒரு கோடை முழுக்கப் பாறைக்குழியில் கல் உடைத்து, கூலிக்குப் பதில் அந்த மூன்று கல்லையும் வாங்கினார். பலகைக் கல்லில் அவள் பேரை வெட்டித் தந்த கல்தச்சன் ஒரு வார்த்தை சொன்னானாம். பக்கவாட்டில் வெட்டாமல் மேல்பரப்பிலேயே வெட்டிவிட்டு, "சுமை வெச்சு வெச்சு இந்தப் பேரு தேஞ்சு காணாமப் போற அன்னிக்கு, உன்ற பொண்டாட்டிக்குப் பாரம் தீந்துபோச்சுன்னு வெச்சுக்கோ" என்றிருக்கிறான். அவன் விளையாட்டுக்குச் சொன்னானோ, நிசமாகச் சொன்னானோ. மாசாணம் அதைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் அதில் யாரும் சுமை இறக்கவில்லை. ஊருக்கு வெளியே வளவில் குடியிருக்கிறவன் நட்ட கல் என்று, நிலம் வைத்திருந்த காட்டுக்காரப் பெண்டுகள் வேலியோரம் ஒதுங்கி நடந்தார்கள். தலைப்பாரம் கழுத்தை முறித்தாலும் பரவாயில்லை என்று போனவர்கள் உண்டு. அப்புறம் சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோகிற ஒரு கிழவி, நல்ல வெயிலில், சாதியாவது ஒன்றாவது என்று கூடையை அதன்மேல் வைத்தாள். அதைத் தோட்டத்து வரப்பிலிருந்து பார்த்த மாசாணம் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார் என்று ஆறுச்சாமி சொல்லுவான்.

பாவாத்தாள் வந்த பிறகும் அவர் அதே தோட்டத்துக்குத்தான் கூலிக்குப் போனார். பொழுதாய வேலை விட்டு வந்து, கால் கழுவிக்கொண்டே சொல்லுவார்: "இன்னிக்கு எறங்குச்சு அம்மணி."

என்ன இறங்கியது, யார் இறக்கினார்கள் என்று அவள் கேட்க மாட்டாள். "நல்லதுங்க மாமா" என்று சோற்றைப் போடுவாள். இதுதான் இரண்டு பேருக்கும் பேச்சு. பயம் போனது இப்படித்தான்.

பிறகு காலம் மாறிவிட்டது. டவுன் பஸ் வந்தது, காய்கறிக்கு டெம்போ வந்தது, தட்டுக் கட்டு டிராக்டரில் போனது, மிச்சம் மீதிக்கு மொபெட் வந்தது. தலையில் சுமை வைத்து நடக்கிறவர்களே இல்லாமல் போய்விட்டார்கள். கல்லின்மேல் ராத்திரியில் குடிக்கிறவன் டம்ளர் வைத்தான், பகலில் ஆடு ஏறி நின்றது. இதெல்லாம் சுமையில் சேருமா என்று மாசாணத்துக்குச் சந்தேகம். அதனால் தானே சுமக்க ஆரம்பித்தார். அமாவாசைக்கு அமாவாசை பஸ் ஏறிப் போய், இட்டேரித் தடத்து வேலியோரம் சுள்ளி பொறுக்கிக் கட்டி, கொஞ்ச தூரம் தலையில் சுமந்து வந்து, கல்லின்மேல் இறக்கி, பீடி குடிக்கிற நேரம் நின்று, திரும்ப ஏற்றிக்கொள்வார். அந்த பஸ் கண்டக்டருக்கு இது பெரிய கேலி. "பெருசு, வெறகு இங்கிருந்து எடுத்து அங்க வெச்சுட்டு வர்றீங்களே, இதுல என்ன லாவம்?" என்பான். மாசாணமும் சிரித்துக்கொள்வார்.

இதையும் சொல்ல வேண்டும். எழுத்து தேய்ந்துதான் இருந்தது. சுமை நடுவில் உட்காருவதால் நடு எழுத்துகள் முதலில் போய்விட்டன. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் பாக்கி. மாசாணத்துக்குப் படிக்கத் தெரியாது. விரலை வைத்துத் தடவிப் பார்த்துக்கொள்வார். "அந்தக் கடைசி மட்டும் இன்னும் நிரடுது அம்மணி. நான் இருக்கறதுக்குள்ள போயிரோணும்" என்று ஒருதரம் பாவாத்தாளிடம் சொன்னார். வேறு யாரிடமும் இதைச் சொன்னதாக அவளுக்குத் தெரியாது.

தொண்ணூற்றி நாலோ, அஞ்சோ. ஆறுச்சாமி செத்து வருசம் திரும்பியிருந்தது. மகன் தமிழ்ச்செல்வன் பெருந்துறையில் கம்பெனி வேலை என்று குடும்பத்தோடு போய்விட்டான். லைன் வீட்டில் பாவாத்தாளும் மாசாணமும்தான். அவள் சீனிவாசலு ஐயா வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அவர் மில்லில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சம்சாரம் பத்மாவதி அம்மாளோடு தெலுங்கில் மெதுவாகப் பேசுவார், வேலைக்கு வருகிறவர்களையும் வாங்க போங்க என்பார். அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு வரலாற்று மன்றம். வாசகசாலை மாடியில் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடக்கும். வெளியூரிலிருந்து யாராவது வந்து பழைய காசு, பழைய கோயில், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த வியாபாரிகள் என்று பேசுவார்கள். வருகிறவர்கள் ஒரு வேனை நிறைக்க மாட்டார்கள். பத்மாவதி அம்மாள் பிளாஸ்கில் காப்பி அனுப்புவார், சிலர் அதற்காகவே வருகிறார்கள் என்று அவரே வீட்டுக்காரரைக் கிண்டல் செய்வார். கூட்டம் முடிந்ததும் கூட்டிப் பெருக்குவது பாவாத்தாள்.

ரோட்டை அகலம் பண்ணப் போகிறார்கள் என்று கல்லில் சிவப்புப் பெயின்ட்டால் குறி போட்டிருந்ததை அந்த மாசி அமாவாசைக்கு மாசாணம் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ரோட்டு ஆபீசுக்குப் போனார். அங்கே யாரைக் கேட்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்று திரும்பினார். பழைய கல்லையெல்லாம் காப்பாற்றுகிறார்களாமே, உன்ற ஐயா கூட்டத்தில் சொன்னால் கேட்பார்களா என்றார். கேட்பாங்க மாமா என்றாள் பாவாத்தாள்.

கேட்கத்தான் செய்தார்கள். ஆனால் சொல்வதற்கு அவருக்கு நாளாகிவிட்டது. முதல் கூட்டத்தில் செருப்பு விடுகிற இடத்தில் நின்றார், சீனிவாசலு பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். கடைசியில் கேள்வி கேட்கலாம் என்றார்கள். எழுந்து கேட்க வாய் வரவில்லை. அடுத்த மாசம் பேசியவர் பேச்சை நிறுத்தவே இல்லை, கரண்ட் போய்தான் கூட்டம் முடிந்தது. அதற்கடுத்த கூட்டத்தில், வந்தவர் ஏதோ ராசா எங்கோ வெட்டின வாய்க்காலைப் பற்றிச் சொல்லி முடித்ததும், மாசாணம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஏனுங்க, ஒரு சுமைதாங்கி இருக்குதுங்க. என்ற சம்சாரத்துக்கு நட்டது. ரோட்டுக்காரங்க எடுக்கப் போறாங்க. அக்கட்டால பொறம்போக்குல தள்ளி நட்டுக் குடுத்தாப் போதும்ங்க."

கூட்டத்துக்கே புது உயிர் வந்த மாதிரி இருந்தது. பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கையால் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரமே வேன் பிடித்துக் கல்லைப் பார்க்கப் போனார்கள். மாசாணம் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி காட்டினார். கல்லைக் கழுவி, எழுத்து தெரிவதற்காக மைதா மாவைத் தூவித் துடைத்து, போட்டோ எடுத்தார்கள். கூட வந்த ஒரு காலேஜ் வாத்தியார் குனிந்து பார்த்துவிட்டு, கவனிப்பே இல்லாமல் எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டதே என்று வருத்தப்பட்டார்.

"ஆமாங்க, நல்லாத் தேஞ்சிருக்குதுங்க" என்றார் மாசாணம். அவர் முகத்தில் இருந்தது பெருமை. அவர்கள் அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். சுமைதாங்கி என்றால் தேயத்தானே வேண்டும், இதில் எடுத்துச் சொல்ல என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார். சீனிவாசலு அவர் தோளில் கை வைத்து, நான் பார்த்துக்கொள்கிறேன், கவலையை விடுங்கள் என்றார். மாசாணத்தின் தோளில் அந்த மாதிரி மனுசர்கள் கை வைப்பது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து அதையும் சொன்னார்.

ஆடி மழையில் பஸ் படியில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு பிசகிவிட்டது. தமிழ்ச்செல்வன் வந்து பெருந்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கட்டுப் போட்டு, எண்ணெய் விட்டு, எழுந்து நடக்கக் கார்த்திகை ஆகிவிட்டது. நடந்ததெல்லாம் அதற்குள் நடந்தது.

சீனிவாசலு சும்மா இருக்கவில்லை. மனு மேல் மனு போட்டார், ஆபீஸ் ஆபீசாக அலைந்தார். புறம்போக்கு என்று ஒன்று மிச்சமே இல்லை, ரோடு அதையும் எடுத்துக்கொண்டது. அதற்கு அக்கட்டால பண்ணாடியின் பேரன் தோட்டத்தைச் சைட்டாகப் பிரித்துக் கல் நட்டு வைத்திருந்தான். சைட்டு வாங்க வருகிறவர்கள் எழவுக் கல்லைப் பார்த்தால் வாங்குவார்களா என்று முடியாது என்றுவிட்டான். மிசின் வந்த அன்றைக்கு சீனிவாசலு தன் வயசையும் பார்க்காமல் டெம்போவோடு ஓடினார். தூண் இரண்டும் தாரோடு போய்விட்டன. பலகைக் கல்லை மட்டும் காப்பாற்றிக் கொண்டுவந்து வாசகசாலை மாடிப்படியோரம் சுவரில் சாய்த்து நிறுத்தினார்.

ஒரு நாள் பாவாத்தாள் மாடி கூட்டப் போனபோது உளிச் சத்தம் கேட்டது. ஒரு கல்தச்சன் குந்தி உட்கார்ந்து எழுத்தை வெட்டிக்கொண்டிருந்தான். சீனிவாசலு பக்கத்தில் நின்று, போட்டோவைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காணாமல் போன எழுத்து எது என்று மாசாணத்திடம் பேர் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். பாதிக்குமேல் வெட்டியாகிவிட்டது. பாவாத்தாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"ஐயா, அதை வெட்டாட்டி என்னங்க?"

"பேரு இல்லாத கல்ல யாரும்மா மதிப்பாங்க? மாசாணம் வந்து பாத்தா சந்தோசப்படுவாரு பாருங்க" என்றார். பெற்ற பிள்ளைக்குத் தீபாவளித் துணி எடுத்தவர் முகம் மாதிரி இருந்தது அவர் முகம். அந்த முகத்தைப் பார்த்து அவளால் மேலே பேச முடியவில்லை. பேசியிருந்தாலும் வெட்டினது மறுபடி மூடிக்கொள்ளப் போவதில்லை.

மார்கழிக் கூட்டத்துக்கு மாசாணத்தை வரச்சொல்லிப் பெருந்துறைக்கு ஆள் அனுப்பினார்கள். தடி ஊன்றிக்கொண்டு லைன் வீட்டுக்கே திரும்பி வந்தார். சுமைதாங்கிக் கற்களைப் பற்றித்தான் அன்றைக்குப் பேச்சு. கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் படியோரம் கூட்டிப்போய் மூடியிருந்த துணியை எடுத்தார்கள். கல் நின்றுகொண்டிருந்தது. எழுத்து ஆழமாக, கறுப்புப் பெயின்ட் அடித்து, எட்ட நின்றாலும் படிக்கிற மாதிரி இருந்தது. பக்கத்தில் தொடக்கூடாது என்று ஓர் அட்டை. எல்லோரும் கை தட்டினார்கள். தம்பிதுரை என்கிற மன்றத்தின் துணைச் செயலாளர், பம்பு செட்டு வியாபாரி, மாசாணத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்.

மாசாணம் அட்டையைப் படிக்கத் தெரியாதவர். குனிந்து விரலை வைத்தார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும், ஒவ்வொரு பள்ளமாக, விரல் உள்ளே இறங்கி இறங்கி ஏறியது. பிறகு திரும்பிப் பாவாத்தாளைப் பார்த்தார்.

"எல்லாம் திரும்பி வந்துருச்சு அம்மணி" என்றார்.

அவளுக்கு மட்டும்தான் புரிந்தது. சீனிவாசலு, ஆமாம், ஓர் எழுத்து விடவில்லை என்றார். மாசாணம் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, இதைப் படுக்க வையுங்களேன் என்று கேட்டார். படுக்க வைத்தால் எழுத்து தெரியாதே பெரியவரே என்று தம்பிதுரை சிரித்தார். அந்தச் சிரிப்பில் கெட்டது ஒன்றும் இல்லை. பேச்சு முடியும்வரை மாசாணம் பொன்னாடையோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். காப்பி ஆறிப்போயிற்று.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தார். மாடி ஏற மாட்டார், படியோரம் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வார். அவர் என்ன செய்கிறார் என்று முதலில் பார்த்தது பாவாத்தாள்தான். மடியில் ஈர மணல் வைத்திருந்தார். உள்ளங்கையில் மணலை அப்பிக்கொண்டு கடைசி எழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கறுப்புப் பெயின்ட் கொஞ்சம் போயிருந்தது. கல் அப்படியேதான் இருந்தது. கைதான் தோல் உரிந்து சிவந்திருந்தது. அவள் விளக்கெண்ணெய் கொண்டுபோய்த் தடவிவிட்டாள்.

பெயின்ட் போனதைத் தம்பிதுரை கண்டுபிடித்துவிட்டார். கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, இனிமேல் உள்ளே விடக்கூடாது என்றார். அன்றைக்குத்தான் பாவாத்தாள் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, ஈரக் கையோடு போய், சீனிவாசலுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கல்தச்சன் சொன்ன வார்த்தை, தேய்ந்த எழுத்து, அமாவாசைச் சுள்ளி எல்லாவற்றையும். அவர் எழுந்து போய்க் கல்லின் போட்டோவை எடுத்து வைத்துப் பார்த்தார்.

அடுத்த கூட்டத்தில், கல்லை மாசாணத்திடமே கொடுத்துவிடலாம் என்று அவர் எடுத்துச் சொன்னார். மற்றவர்கள் ஒப்பவில்லை. நாளைக்கு ஆளாளுக்கு வந்து எங்கள் பாட்டன் கல் என்று கேட்பார்கள், மன்றத்தில் பின்னே என்ன மிஞ்சும் என்றார் தம்பிதுரை. கை தூக்கச் சொன்னார்கள். சீனிவாசலு ஒருவர்தான் கை தூக்கினார். பாவாத்தாள் துடைப்பத்தோடு கதவோரம் நின்று பார்த்தாள்.

மறுநாள் அவர் அவளைக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"குடுத்தாலும் எங்கம்மா கொண்டுபோய் நடுவாரு? இனி எந்த ரோட்டுல யாரு தலையில சுமை தூக்கிட்டு நடக்கறாங்க? இந்த எழுத்துத் தேய இன்னொரு அம்பது வருசம் ஆகும்மா. நான் செஞ்சதுதான். அவரு மொகத்துல முழிச்சு நானே சொல்ல எனக்குத் தைரியமில்ல. இனி வர வேண்டாம்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

அவள் சொன்னாள். சோறு போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள். மாசாணம் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். சரி என்றார். அமாவாசைக்கு என்ன செய்வீர்கள் மாமா என்று அவளாகவே கேட்டாள். அத்தனை வருசத்தில் அவள் அப்படிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"சுமந்துட்டுப் போயி எதுமேல வெக்கறது?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சாய்ப்பை விட்டு வெளியே போகவில்லை. கால் வீங்கியது, கண் மங்கியது. அடுத்த வருசம் தை முடிந்ததும் தமிழ்ச்செல்வன் வந்து, ஒரு பை துணியோடு அவரைக் கூட்டிப்போனான். பொன்னாடையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பாவாத்தாளையும் வரச்சொன்னான். அவள் லைன் வீட்டைக் காலி செய்தால் மில்காரர்கள் இன்னொருத்தருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று சாக்குச் சொல்லி இருந்துவிட்டாள்.

கூட்டம் இப்போதும் நடக்கிறது. சீனிவாசலு முன் மாதிரி பேசுவதில்லை, ஓரமாக உட்கார்ந்துவிட்டு முடியும் முன்னே எழுந்து போய்விடுகிறார். பாவாத்தாள் மாடியைக் கூட்டி முடித்துக் குப்பைச் சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்குவாள். படியோரம் வந்ததும் சாக்கை அந்தக் கல்லில் ஒரு நிமிசம் சாய்த்து வைப்பாள். நிற்கிற கல்லில் சாய்த்தால் அது இறக்கி வைத்ததாக ஆகுமா என்று அவளுக்குத் தெரியாது. சாய்த்து வைத்து, மூச்சு வாங்கிவிட்டு, தூக்கிக்கொண்டு போவாள்.

மாசாணம் பெருந்துறையில் இருக்கிறார். தமிழ்ச்செல்வன் வீட்டுப் பின்புறம் தகரம் போட்ட அறையில் படுத்திருக்கிறார்.